நாற்பத்தேழாவது படம்

தொட்டபெட்டாவின் முதுகு
துருவ நட்சத்திரத்தை மறைக்கிறது.
குத்துமதிப்பாகத்தான் நிறுத்தினேன் முக்காலியை,
கேத்தி பாலாடாவில், கோழிக்கூண்டை ஒட்டி.
தை மாதத்து உறைபனி.
லென்ஸில் பூக்கும் ஈரத்தை
தங்கையின் ஹேர் டிரையர் ஊதிக்கொண்டிருக்கிறது.

திருவாதிரைக்குத் தெற்கே,
மூன்று மீன் வரிசையும் தாண்டி,
கண்ணுக்கு வெறும் மங்கல்.
படத்துக்கு இரண்டு நிமிடம்.
அறுபதை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினால்தான்
அது வாய் திறக்கும்.

ஒன்றரை மணிக்கு கேரட் பிடுங்க வந்தார்கள்.
பதினோரு நெற்றி விளக்குகள்.
நாற்பத்தாறாவது படம் பாலாய்ப் போனது.

வேலியோரம் வந்தாள் ஜெபசீலி.
"அப்படி என்னத்தடா பிடிக்கிற?"
திரையைக் காட்டினேன்.
நெற்றி வெளிச்சத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள்.
"பூண்டுத் தோலாட்டம் இருக்கு."
ஆயிரத்து முந்நூறு ஒளியாண்டு தூரம் என்றேன்.
"மேட்டுப்பாளையம் லாரி மூன்றரைக்கு" என்றாள்.

பிறகு என்ன நினைத்தாளோ,
பாத்தியைப் பார்த்து ஒரு குரல் விட்டாள்.
ஒவ்வொன்றாய் அணைந்தன.
கடைசி விளக்கு மட்டும்
முணுமுணுத்துவிட்டு அணைந்தது.

ஷட்டர் திறந்தது.
இருட்டில்
ஈர மண் விட்டுக்கொடுக்கும் சத்தம்,
பொத், பொத் என்று.
கைக்குத் தெரியும் கேரட் எங்கே இருக்கிறதென்று.
யாரோ இருமினார்கள்.
யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து
முடியாமல் சிரித்தார்கள்.

இரண்டு நிமிடம். அவ்வளவுதான்.
அதற்குப்பின் மறுபடி பதினோரு விளக்குகள்,
லாரி, ஹாரன்.

அந்தச் சிவப்பைப் பார்க்கிறவர்கள்
என்ன டெலஸ்கோப் என்று கேட்கிறார்கள்.
சொல்கிறேன்.
விலையையும் சொல்கிறேன்.
நாற்பத்தேழாவது படத்தில்
எத்தனை கிலோ கேரட் இருக்கிறது என்பதை
லாரிக்காரரைத்தான் கேட்கவேண்டும்.