பூஜ்ய யூனிட்

நேமத்தான்பட்டி, மூன்றாம் டிரான்ஸ்பார்மர்.
கம்பிவேலிக்குள் ஆடு நுழையாது.
அதனால் மட்டுமே அங்கே அது உயிரோடிருந்தது.
வெளியே இருந்ததையெல்லாம்
தூரோடு மென்று போயிருந்தன
அடைக்கலத்தின் ஆடுகள்.

விரல் தடிமன். நாலு பட்டை.
இலை கிடையாது.
பட்டை விளிம்பில் பல் பல்லாக நிற்பவை
இலையாகலாமா என்று யோசித்து
வேண்டாமென்று விட்ட இடங்கள்.
வெயில் படும் பக்கம் கன்றிய ரத்தத்தின் நிறம்,
மறுபக்கம் சாம்பல் பூத்த பச்சை.
செம்பூறாஞ்சரளையில்
ஒரு சூரைமுள்ளின் அரை நிழலே போதுமென்று
ஊர்ந்து ஊர்ந்து எழுந்திருந்தது.

'கள்ளிமுளையான்க்கா' என்றான் அடைக்கலம்.
'பேருதான் கள்ளி. ஒடிச்சா பாலு வராது.
தின்னு பாருங்க.'
லைன்மேன் சவரிமுத்து சாவியைச் சுழற்றியபடி
பதினோராயிரம் வோல்ட் தலைக்கு மேல் முனக
எனக்கொரு துண்டு ஒடித்துத் தந்தார்.

புளித்தது.
'காலைல புளிக்கும்,
பொழுது சாய்ஞ்சா சப்புனு போயிரும்.
பசியாத்த காலைலதான் திங்கணும்.'

இரண்டு மாதத்துக்கொருமுறை
வீடு வீடாய் மீட்டர் பார்ப்பவள் நான்.
எங்கே என்ன ஓடுகிறது என்பதே பிழைப்பு.
புளிப்பு பகலில் எங்கே போகிறது?
ராத்திரி படித்துத் தெரிந்துகொண்டேன்:
வெயிலில் வாய் திறந்தால்
உள்ளிருக்கும் ஈரமெல்லாம் போய்விடுமாம்.
ஊர் அடங்கிய பிறகு மூச்சிழுத்து
அதைப் புளிப்பாக்கி வைத்துக்கொள்கிறது.
பகலெல்லாம் வாயை இறுக மூடி
வைத்ததைச் செலவழிக்கிறது.

முதல் துண்டை அன்றைக்கே நட்டேன்.
துளசிக்கு ஊற்றுவதுபோல் தினம் ஒரு சொம்பு.
ஒன்பதாம் நாள்
தொட்டால் கூழ்.

இரண்டாம் துண்டுக்கு
அடைக்கலம் ஒரே ஒரு விதி சொன்னான்:
'வெட்டின வாய் காயாம மண்ணைக் காட்டாதீங்க.'
மீட்டர் பெட்டி மேல் ஐந்து நாள் கிடந்தது.
வெட்டுவாய் சுருங்கி, வெளுத்து,
பொருக்குத் தட்டியது.
வேரில்லை, மண்ணில்லை, தண்ணீரில்லை;
வாடவுமில்லை.
ஐந்து நாளும் அதைப் பார்க்கும்போதெல்லாம்
எனக்குத்தான் தொண்டை வறண்டது.

உடைந்த பீங்கான் இன்சுலேட்டரைக் கவிழ்த்துப் போட்டேன்.
அடியில் ஓட்டை; நீர் தங்காது.
பூறாங்கல் தூள் இரண்டு பங்கு, மணல் ஒன்று,
செங்கல் சில்லு, பேருக்கு ஆட்டுப்புழுக்கை.
பத்து நாளைக்கொரு கை நீர்.
மறந்து போனால்
அது நல்லது.

புரட்டாசி மழைக்குப் பின் நுனியில் பூத்தது.
சுண்டைக்காய் அளவு நட்சத்திரம்,
கருஞ்சிவப்பு, ஓரமெல்லாம் மயிர்.
பக்கத்து வீட்டு டியூஷன் சார் செல்லப்பன்
எலி செத்துக் கிடக்கிறதென்று
சிலிண்டரை நகர்த்தி, பரணைக் கவிழ்த்து,
பிளஸ் டூ பையன்கள் இருவரை ஓட்டில் ஏற்றிவிட்டார்.
இரண்டு நாள் நான் வாய் திறக்கவில்லை.
மூன்றாம் நாள் தொட்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன்.
குனிந்து முகர்ந்து, பின்வாங்கி,
'இதையா வளக்குறீங்க?' என்றார்.

ஈக்கள் கேட்கவில்லை.
வந்தன. பிணமில்லை, தேனுமில்லை, ஏமாந்தன.
மறுபடி வந்தன.

மார்கழியில் இரட்டைக் கொம்பாய் ஒரு காய்.
தை பிறந்து வெடித்தது.
நான் கணக்கெடுக்கக் கிளம்பும் நேரம்
பட்டுநூல் குடை பிடித்து விதைகள்
ஒவ்வொன்றாய் எழும்பி
எதிர்ச்சாரியின் நெடுஞ்சுவர் தாண்டிப் போயின.

அந்த வீட்டின் மீட்டர் வெளிச்சுவரில்.
போன தடவை எண்ணே இந்தத் தடவையும்.
முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் ஒரே பூட்டு;
பினாங்கிலோ எங்கோ அதன் சாவி.
உள்ளே வானம் பார்த்த முற்றம் உண்டு,
தளம் விரிசல் விட்டிருக்கும்,
விரிசலில் சரளை இருக்கும்.
ஆடு நுழையாது.

யூனிட்: பூஜ்யம் என்று பதிந்தேன்.
பதிந்துவிட்டுக் கொஞ்ச நேரம்
சுவரில் மூக்கை வைத்து நின்றேன்.