எவ்வளவு தண்ணீர்

விருதம்பட்டு தாண்டும்போதே
எபிக்கு வயிறு வலிக்கத் தொடங்கிவிடும்.
என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு
"அம்மா, பாலம் வந்துடுச்சா?"
யூகேஜி. ஐந்து வயது, நான்கு மாதம்.
பைக்குள் பாட்டில், மாற்றுச் சட்டை,
வாந்தி பிடிக்க ஒரு கவர்.

பாலத்துக்கு அடியில் மணல்தான்.
சீமைக்கருவேலம் முளைத்த ஆறு. மாடு மேய்கிற ஆறு.
"தண்ணி வந்துச்சுன்னா?"
"பாலாத்துலயா? வராதுடா. ஒண்ணும் ஆகாது."
வண்டியை நிறுத்தாமலே சொல்லிவிடுவேன்,
சில்லறை இல்லாத கடைக்காரர்
மிட்டாயை நீட்டுவதுபோல.

நவம்பரில் வந்தது.
கரைக்குக் கரை, செம்மண் நிறத்தில்,
முழுப் புளியமரம் ஒன்றைப் புரட்டிக்கொண்டு.
ஊரே பாலத்தில் நின்று படம் பிடித்தது.
பொரி விற்பவர்கூட வந்துவிட்டார்.
எபி தண்ணீரைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தான்.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பதினோராம் எண் பில் கவுண்டர்.
கண்ணாடியின் ஓட்டை வழியே
வங்காளத்தில், தெலுங்கில்,
எனக்குப் பாதி புரியாத இந்தியில்
ஒரே கேள்விதான் வரும்:
ஒண்ணும் ஆகாதுல்ல?
அதற்குப் பதில் சொல்ல எனக்கு அனுமதியில்லை.
"மூணாவது மாடி. லிஃப்டை விட்டு இடது பக்கம்.
நாற்பது நிமிஷம் ஆகும். பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க.
அதுவரைக்கும் அங்கேயே உக்காரலாம்."
இதைக் கேட்டதும்
ரசீதைக் கசக்கும் விரல்கள் கொஞ்சம் தளரும்.
ஒன்பது வருடமாய்ப் பார்க்கிறேன்.
வீட்டுக்குக் கொண்டுவரத்தான் தோன்றவில்லை.

அன்று இரவு ரசம் சாதம் பிசைந்தபடி சொன்னேன்:
"நான் சொன்னது தப்பு எபி. தண்ணி வரும்.
நிறைய வந்தா பாலத்தை மூடுவாங்க.
மூடினா நாம வீட்டுலயே இருப்போம்.
நாளைக்கு மணி அடிக்கும். பிரேயர். ஹெலன் மிஸ்.
டிபன். அப்புறம் ஒரு பாட்டு, ஒரு படம்.
பன்னெண்டே முக்காலுக்கு ஷமீம் அண்ணன் ஆட்டோ.
அண்ணன் லேட்டானா வாட்ச்மேன் ஸ்டூல் பக்கத்துல நிக்கணும்."
"ஸ்டூல் இல்லன்னா?"
யோசித்தேன்.
"ஸ்டூல் இருந்த இடத்துல."

சரியாகிவிடவில்லை.
செவ்வாய்க்கிழமை கவர் நிறைந்தது.
டைரியில் சிவப்பு மையில், "மிகவும் அழுகிறான், கவனிக்கவும்."
"ஆம்பளைப் புள்ள..." என்று ஆரம்பித்த அவன் அப்பா
பாதியில் நிறுத்திக்கொண்டார்.
அவருக்கு லிஃப்டில் ஏறப் பயம்.

எந்த சிக்னலில் கேட்டேன் என்று நினைவில்லை.
"இன்னிக்கு வயித்துக்குள்ள எவ்வளவு தண்ணி?"
நெடுநேரம் யோசித்து,
"முழங்கால்" என்றான்.
"முழங்கால்னா நடந்துடலாம்ல?"
"நடக்கலாம். ஷூ நனையும்."

அதிலிருந்து தினமும் அளக்கிறோம்.
கணுக்கால் என்றால் பாலத்தில் ஹாரன் அடிக்க அவனுக்கு உரிமை.
கழுத்து என்றால் வண்டியை ஓரங்கட்டி
இளநீர்க்காரரின் குடைக்கு அடியில் நிற்போம்.
லாரிகளை எண்ணுவோம்.
ஏழாவது லாரிக்குள் பெரும்பாலும் இடுப்புக்கு இறங்கும்.
சில நாள் இறங்காது.
அப்போதும் போவோம், மெதுவாக,
பின்னால் பஸ்காரர் திட்டத் திட்ட.

இன்று காலை அவன் முந்திக்கொண்டான்.
"உனக்கு எவ்வளவும்மா?"

ஒண்ணும் இல்லடா என்பது
உதடு வரைக்கும் வந்துவிட்டது.
கைப்பையில், இரண்டு நாளாய்ப் பிரிக்காத ஒரு கவர்.

"இடுப்பு வரைக்கும்" என்றேன்.

அவன் எதுவும் சொல்லவில்லை.
இரண்டு சின்னக் கைகள்
சரியாக அந்த உயரத்தில்
என்னை இறுக்கிக்கொண்டன.

பாலம் வந்தது.