பதினொன்றாம் தொகுதி

நீகாதாவில் பனி படுக்கைவாட்டில் பெய்யும்.
கடற்காற்று அதைத் தரைக்கு விடாது.
திங்கள், புதன், வெள்ளி, மாலை ஐந்தரைக்கு
ஏழு பேர் படியேறி வருவார்கள்.
செருப்பு மாற்றி, எடை பார்த்து,
குடித்த தண்ணீருக்குப் பொய்க்கணக்குச் சொல்லி
இடது கையை நீட்டுவார்கள்.
நான் டயாலிசிஸ் எந்திரங்களுக்குப் பொறுப்பு.
நாலு மணி நேரம்
ரத்தம் மட்டும் வெளியே போய்வரும்.
ஆள் போக முடியாது.

அதற்காகத்தான் அந்த அலமாரி:
ஒரே மங்கா, இருபத்திரண்டு தொகுதி.
கணவாய்ப் படகில் தீவு தீவாகப் போகிற
பெண் சர்ஜன் ஒருத்தி.
நோயாளியிடம் பொய்யே சொல்லமாட்டாள்.
எங்கள் வார்டில் அவளைப் பிடிக்காதவர்கள்தான்
அவளை அதிகம் படித்தவர்கள்.

டாக்ஸி ஓட்டும் நிஷிவாக்கி கேட்பார்:
"படகுக்கு டீசல் யார் போடுகிறார்கள்?
ஒன்பது தொகுதி முடித்துவிட்டேன்,
ஒரு தடவைகூட பங்க்கில் நிற்கவில்லை."

ஓரிஹாரா அம்மாள் முப்பத்தோரு வருஷம்
ஆபரேஷன் தியேட்டரில் நின்றவர்.
வயிற்றைத் தைத்து மூடும் கட்டத்தில்
விரலை வைத்துக்கொண்டு சொல்வார்:
"பஞ்சு எண்ணவில்லை.
உள்ளே எத்தனை போயிற்று, வெளியே எத்தனை வந்தது,
ஒருத்தரும் எண்ணவில்லை.
இந்த மனுஷர் இன்னும் உயிரோடிருந்தால்
அது வரைந்தவருடைய கருணை."

கதை யாருக்கு வேண்டும் என்பார் காகெஹிரா,
மீன்வடை விற்கிறவர்.
"அலையைப் பாருங்கள். மயிரிழை மயிரிழையாக.
ஒவ்வொரு கோடும்
எந்த உதவியாளப் பையனின் தூக்கமோ."

தொகுமாசுவுக்குப் பத்தொன்பது வயது.
அக்டோபரில்தான் எங்களிடம் வந்தான்.
ஆறாம் தொகுதியை மூடி
போர்வைமேல் எறிந்தான்:
"பதினெட்டே பக்கத்தில் அவனுக்குச் சிறுநீரகம் கிடைத்துவிடுகிறது.
எனக்குச் சொன்ன கணக்கு பதினாலு வருஷம்."
யாரும் பதில் சொல்லவில்லை.
எந்திரங்கள் மட்டும்
அவனுக்கு ஆமாம் போட்டுக்கொண்டிருந்தன.
அடுத்த புதன், ஏழாம் தொகுதி கேட்டான்.

பதினொன்றில் கடைசித் தாள் இல்லை.
மீனவன் மனைவிக்குக் கட்டி.
விளக்கு அணைகிறது. கதவு திறக்கிறது.
சர்ஜன் முகமூடியை இறக்குகிறாள்.
பெஞ்சிலிருந்து கணவன் எழுகிறான்.
அவ்வளவுதான்;
பிறகு அட்டையின் உள்பக்கம், நூலகத்தின் பழைய முத்திரை.

பிழைத்தாள் என்பது நிஷிவாக்கியின் கட்சி:
"எழுந்து நிற்கிறவனிடம் கெட்ட செய்தி சொல்வார்களா?
உட்காரச் சொல்லியிருப்பாளே."
செத்தாள் என்பது ஓரிஹாரா:
"கையுறையைப் பார். கறையே இல்லை.
திறந்தார்கள், பார்த்தார்கள், மூடிவிட்டார்கள்."
தொகுமாசு பூதக்கண்ணாடி கொண்டுவந்தான்.
காகெஹிரா ஜன்னலுக்கு வெளியே
வரைந்திருந்த கடலைக் காட்டி,
"அமைதியாக இருக்கிறது" என்றார்.
எந்தக் கட்சிக்கும் அது உதவவில்லை.
டிசம்பர் பூராவும் இதே வழக்கு.
ரத்த அழுத்தம் ஏறியதை
நான் குறிப்பேட்டில் எழுதினேன், காரணம் எழுதவில்லை.

புத்தாண்டு விடுமுறையில் நாகாஓகாவின்
பழைய புத்தகக் கடை ஒன்றில்
முழுப் பிரதி அகப்பட்டது. நூற்றுப்பத்து யென்.
ரயிலில் நின்றபடியே கடைசித் தாளைப் புரட்டினேன்.

அதில் ஒரு குழாய்.
அவள் கை கழுவுகிறாள்.
நாலு கட்டங்கள், தண்ணீர் மட்டும்.
பின்பக்கத்தில் காலிப் பெஞ்சு.

அதை அலமாரியில் வைத்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் இருந்தேன்.
வெள்ளிக்கிழமை அது கைமாறிக் கைமாறிப் போயிற்று.
அன்று வார்டில் வழக்கில்லை.
நாலு மணி நேரம் இவ்வளவு நீளம் என்று
எனக்கே அன்றுதான் தெரிந்தது.

திங்களன்று தூசி தட்டும்போது பார்த்தேன்:
புதுப் பிரதியிலும் கடைசித் தாள் இல்லை.
கிழிசல் நேராக இருந்தது,
கத்தரிப் பழக்கமுள்ள கையின் நேர்த்தி.
யாரென்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை.

ஊசி ஏறி ரத்தம் ஓடத் தொடங்கியதும்
தொகுமாசு சொன்னான்:
"கணவன் எழுந்து நிற்கிறானே,
அவன் இடது கால் செருப்பைக் கவனித்தீர்களா?"
நிஷிவாக்கி தலையணையைச் சரிசெய்துகொண்டார்.
ஓரிஹாரா அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி,
"எங்கே, கொண்டா" என்றார்.