பனியின் கனம்

நகராட்சி கடிதம் அனுப்பியிருக்கிறது:
பயணியர் தகவல் பலகையைப்
புதிதாக எழுதித் தரவும், ஒரே பக்கத்துக்குள்.
பெட்ரோல் பங்க்கில் மீன்பிடிச் சீட்டு விற்பதால்
ஏரியும் என் தலையில் விழுந்துவிட்டது.

சொய்மாயார்வி. நீளம் பதினொரு கிலோமீட்டர்.
ஆழம் சரியாகத் தெரியாது.
ஹெல்மரின் ஆழமானி வடக்குக் குடாவில்
நாற்பத்து மூன்று மீட்டர் காட்டியது.
பிறகு அவர் கைநழுவி
மிச்சத்தைத் தானே அளக்கப் போய்விட்டது.

நாள் சீட்டு எண்பது குரோனர்.
வாரச் சீட்டு இருநூற்றைம்பது.
புழு, குளிர்பெட்டியில், பாலுக்குக் கீழ்த்தட்டு.
மூடியைத் திறந்து பார்த்துவிட்டு
பாலைக் குறை சொல்லாதீர்கள்.
மீன் கிடைக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள்.
சீட்டின் விலையில் அது சேரவில்லை.

சின்ன ட்ரவுட்டைத் திரும்ப விட்டுவிடவும்,
கையை நனைத்துக்கொண்டு.
காய்ந்த கை அதற்குத் தீ.

ஜூனில் சூரியன் மறைவதில்லை.
அப்படியானால் நாள் சீட்டு எப்போது முடியும் என்று
ஒரு டச்சுக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார்.
எனக்குத் தூக்கம் வரும்போது என்றேன்.
கொசுவைப் பற்றி எழுத வேண்டாமென்று
கடிதத்திலேயே இருக்கிறது.

கடைசிக் கட்டம், பனியின் கனம்.
அதை மட்டும் சாக்கட்டியால் எழுதுவேன், வாரம் மாறும்.
வெள்ளிதோறும் படகுத்துறைக்கு எதிரே
நூறு தப்படி நடந்து
கைத்துருவியால் துளையிட்டு
குச்சியை விட்டு எடுப்பேன்.
நாலு விரற்கடை இருந்தால் நடக்கலாம்,
ஒரு சாண் இருந்தால் வண்டி விடலாம்.

மார்ச் இரண்டாம் வெள்ளி
ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர் என்று எழுதினேன்.
பொய்யில்லை.
சிக்ஸ்டன் ஆல்ம்க்விஸ்ட் அதைப் படித்தார்,
போட்டோ கூட எடுத்துக்கொண்டார்.
கோத்தன்பர்க்கில் டிராம் ஓட்டுபவர்,
தண்டவாளத்தை நம்பிப் பழகியவர்.
பெர்ச் கூடும் இடம் தேடி
ஸ்னோமொபைலை ஓடைவாய்க்கு விட்டார்.

ஓடை நுழையும் இடத்தில்
தண்ணீர் குளிர்காலத்திலும் உறங்குவதில்லை.
பனியை அடியிலிருந்து
சத்தமில்லாமல் தின்றுகொண்டே இருக்கும்.
இங்கே பால்பல் விழாத பிள்ளைக்கும் தெரியும்.
எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான்
யாரும் எழுதி வைக்கவில்லை.

ஹெல்மர் வயிற்றால் ஊர்ந்துபோய்க் கயிறு வீசினார்.
ஆள் வந்துவிட்டார், வண்டி வரவில்லை.
அதன் விளக்கு மட்டும்
தண்ணீருக்கடியில் கொஞ்ச நேரம்
எரிந்துகொண்டே இறங்கியதாம்.
கீழே ஏதோ தேடுவதுபோல என்றார் ஹெல்மர்,
அதற்குமேல் பேசவில்லை.

சிக்ஸ்டன் ஹெல்மரின் கால்சட்டையில்,
இடுப்பை ஒரு கையால் பிடித்தபடி
கடைக்குள் வந்தார்.
மூன்று கோப்பை காபி.
பிறகு மெல்லச் சொன்னார்:
சீட்டு கரைந்துவிட்டது,
வாரச் சீட்டு, இன்னும் மூன்று நாள் பாக்கி.
தொலைந்த சீட்டுக்கு மாற்று கிடையாது,
அந்த விதியை அச்சடிக்கச் சொன்னவளே நான்.
புதிதாக ஒன்று எழுதினேன்.
அவர் கையைவிட என் கைதான் நடுங்கியது.

ஐம்பத்திரண்டு என்று போட்டிருந்ததே,
அவ்வளவுதான் கேட்டார், கோபமே இல்லாமல்,
வராத வண்டிக்கு
கால அட்டவணையைப் பார்ப்பவர்போல.
கோபப்பட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

ஆகவே ஒரு வரி சேர்க்கிறேன், சிவப்பு எழுத்தில்:
இந்த எண்
நான் துளையிட்ட இடத்துக்கு மட்டுமே உண்மை.
மற்ற இடங்களுக்கு, தயவுசெய்து, எங்களைக் கேளுங்கள்.

பக்கம் நிறைந்துவிட்டது.
கழிப்பறை படகுத்துறைக்குப் பின்னால் என்ற
வரியை எடுத்துவிட்டேன்.
அதை அவர்களே கேட்பார்கள்.