மைனஸ் ஆறு

மூன்றே முக்காலுக்கு அலாரம்.
ஷ்டெஃபிஸ்பர்க் முழுக்க ஜன்னல்கள் இருட்டு.
ஈரமேறி இறுகிய உப்பைக்
கடப்பாரையால் இடித்து ட்ரெயிலரில் கொட்டினேன்.
மதகை இரண்டு விரல் திறந்து
பத்தடி உருட்டிப் பார்த்தேன்.
தட்டு சுழன்றது.
கடப்பாரை கொட்டகையிலேயே நின்றுவிட்டது.

சதுர மீட்டருக்குப் பதினைந்து கிராம்.
குழம்புக்குக்கூட நான் இப்படி அளந்ததில்லை.

பள்ளி, பேருந்து நிறுத்தம், பாலம்.
பாலம்தான் முதலில் உறையும்,
அதற்கு மட்டும் ஒரு சுற்று கூடுதல்.

முதியோர் இல்லத்து ஏற்றத்தில்
சத்தம் மாறியது.
இறங்கிப் பார்த்தால்
தேங்காய் அளவு கட்டி ஒன்று மதகை அடைத்திருக்க
தட்டு வெறும் வாயை மென்றுகொண்டிருந்திருக்கிறது.
எத்தனை தூரமாகவோ.

ஐந்தரைக்கு நர்ஸுகள் பணி மாறுவார்கள்.
வாளியில் அள்ளிக்கொண்டு
கோழிக்குத் தீனி இறைப்பதுபோல
இறைத்துக்கொண்டே ஏறினேன்.
கையுறை ஓட்டை வழியாக
விரல்வெடிப்பில் புகுந்து எரிந்தது.

இரவுப் பணி முடித்த ஒருத்தி இறங்கி வந்தாள்,
சுவரைப் பிடித்தபடி.
பாதி வழியில் சுவரை விட்டாள்.
பிறகு கைபேசியை எடுத்துப்
பார்த்துக்கொண்டே நடந்தாள்.
என்னைக் கடந்ததுகூடத் தெரியாது.

ஏழு மணிக்குத் தொலைபேசி,
திருமதி ட்ஸுர்புக்கன்:
நாயின் பாதம் வெடித்துவிட்டது,
வேலிச்செடி கருகிவிட்டது,
எல்லாம் உன் உப்பு.

உப்பிட்டவனை
இந்த ஊரில் நினைப்பவள்
அவள் ஒருத்திதான்.

நாளை மைனஸ் ஒன்பதாம்.
கடப்பாரையை
ஓட்டுநர் இருக்கையிலேயே கிடத்திவிட்டு வந்தேன்.