கெண்டைக்கால்

மூன்றே படிதான்,
பள்ளிப் பேருந்தின் முன்வாசலில்.
பதினெட்டு வருடம் எண்ணாமல் ஏறியவள்
இந்த நவம்பரில் எண்ணத் தொடங்கினேன்.

கண்ணாடியில் பனி துடைக்க இறங்கி
மறுபடி ஏறும்போது:
ஒன்று.
தொடைக்குள் யாரோ ஈரத்துணி பிழிகிறார்கள்.
இரண்டு.
கெண்டைக்காலில் ஒரு கெண்டை புரள்கிறது,
தூண்டிலை விழுங்கிய கெண்டை.
மூன்றாவதைக் கைப்பிடிக் கம்பிதான்
எனக்காக ஏறுகிறது.

"இர்யா, நீ ஏன் வாத்து மாதிரி ஏறுகிறாய்?"
பின்னிருக்கையிலிருந்து ஹில்லா. எட்டு வயது.
"வாத்துக்கும் கொலஸ்ட்ரால்" என்கிறேன்.
பேருந்தே சிரிக்கிறது.
வெளியே எட்டரை மணிக்கும் இருட்டு.

இரவு ஒன்பதுக்கு ஒரு மாத்திரை.
மிளகைவிடச் சற்றுப் பெரிது.

அண்ணன் ஒய்வா நாற்பத்தாறில்
விறகுக் குவியலில் குப்புறக் கிடந்தான்,
கோடரி ஒரு கட்டையில் பாதி இறங்கியபடி.
அப்பா, பீலினென் ஏரியின் உறைபனிமேல்,
மீனுக்குத் துளையிட்ட இடத்திலேயே.
எங்கள் பக்கத்து ஆண்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதை
அப்போதெல்லாம் மழை வருவதைப்போலச் சொல்வார்கள்.
அம்மா ரொட்டியில் வெண்ணெய் தடவமாட்டாள்,
வைப்பாள்,
செங்கல் வைப்பதுபோல.

ஆகையால் இந்த மாத்திரையை
மனதார வெறுக்கவும் முடியவில்லை.

"நிறுத்தித் தொலை" என்கிறான் எஸ்கோ.
அவனுக்கென்ன,
அவன் வீட்டில் எல்லோரும் தொண்ணூறு தாண்டிச்
சலித்துப்போய்ச் செத்தவர்கள்.

டாக்டர் பிஹ்லா ஆறு குப்பிகள் தந்தாள்,
மாதத்துக்கு ஒன்று.
"சிலவற்றில் மருந்து, சிலவற்றில் உப்புக்குச் சப்பாணி.
எது எதுவென்று எனக்கே தெரியாது.
தினமும் வலிக்கு மார்க் போடுங்கள்,
நூற்றுக்கு எத்தனையென்று."

பள்ளியில்கூட இவ்வளவு ஒழுங்காய்
நான் வீட்டுப்பாடம் எழுதியதில்லை.
டிசம்பர்: முப்பது, முப்பத்தைந்து, முப்பது.
ஜனவரி: அறுபது. எழுபது.
ஒரு ஞாயிறு, சவுனாவின் மேல்பலகைக்கு ஏறமுடியாமல்
கீழே வாளியோடு உட்கார்ந்து
எண்பத்திரண்டு.
"இதுதான் மருந்து, சத்தியம்" என்று
எஸ்கோவிடம் அரைக்கிலோ காபிப்பொடி பந்தயம் கட்டினேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் மட்டும் காலி.
அன்று பேருந்து சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியது.
பதினொரு பிள்ளைகளை, ஒவ்வொன்றாய்,
இடுப்பளவு பனியில் தூக்கிவந்து சாலையில் விட்டேன்.
மார்க் போட மறந்துவிட்டது.
எனக்குக் கால் இருந்ததே மறந்துவிட்டது.

ஜூனில் உறையைப் பிரித்தார்கள்.
ஜனவரிக் குப்பியில் இருந்தது வெறும் மாவு.

பிஹ்லா சிரிக்கவில்லை. அதற்காக அவளை மன்னித்தேன்.
"வலி பொய்யென்று சொல்லமாட்டேன்.
மாத்திரையிலிருந்து வரவில்லை, அவ்வளவுதான்.
முழுக்க அப்படியுமில்லை, இதோ பாருங்கள்,
வலது கெண்டைக்கால் மருந்து மாதங்களில் மட்டும்.
இடது தொடை, எல்லா மாதமும்."

பின் அந்த எண்பத்திரண்டு எங்கிருந்து வந்தது?

"ஜனவரியில்தான் அண்ணன் இறந்தாரா?"
மெதுவாகக் கேட்டாள்.
இல்லை, ஜூலையில்.
எல்லா வலிக்கும் அப்படியொரு கதை
வசமாய் அமைந்துவிடுவதில்லை, பெண்ணே.

எஸ்கோவுக்குக் காபிப்பொடி வாங்கிக் கொடுத்தேன்.
வேண்டுமென்றே மட்டமானது.

இப்போது வேறு மாத்திரை, குறைந்த அளவு.
கெண்டை எப்போதாவது வாலை அசைக்கிறது.
தொடை அதன்பாட்டுக்குப் பிழிந்துகொண்டிருக்கிறது,
யாரையும் குற்றம் சொல்லமுடியாத வலி,
அதுதான் கொஞ்சம் கூடுதலாய் வலிக்கிறது.

ஆகஸ்டில் பள்ளி திறந்தது.
எண்ணாமல் ஏறப் பார்க்கிறேன்.
எண்ணாமல் இருக்கிறேனா என்று
ஒன்று, இரண்டு...

"இன்றைக்குக் கோழி மாதிரி" என்கிறாள் ஹில்லா,
முன்னிருக்கைக்கு வந்துவிட்டவள்.