நாற்பத்தொன்பது லிட்டர்

ஷார்ல்ரூவாவுக்கு வடக்கே, கோஸ்லீயில்,
விமான ஓடுபாதை முடிகிற இடத்தில் எங்கள் கட்டடம்.
சன்னல் இல்லாத அறை. ஐம்பது லிட்டர் கலம்.
உள்ளே ஒரு துடுப்பு,
நிமிடத்துக்கு ஐம்பத்தைந்து சுற்று.
கூடினால் குருத்தணுக்கள் கிழியும்,
குறைந்தால் கட்டிதட்டும்,
கிண்டுகிற கை அசந்த களி போல.

இன்னும் எதுவாகவும் ஆகாதவை.
கணையம் ஆகு என்று நாங்கள் சொல்லும்வரை
ஆகாமல் இருப்பதே அவற்றின் வேலை.
அதற்குத்தான் இத்தனை ஊட்டம், இத்தனை காவல்.
நாமூரில் யாரோ ஒருவர்
பன்னிரண்டு ஆண்டு முன்பு கொடுத்த ஒரு குழாய் ரத்தம்.
பெயர் எங்களுக்குக் கிடையாது. எண் மட்டும்: பதினேழு.
இந்நேரம் பேருந்துக்குக் காத்திருக்கலாம்,
பல்வலியில் இருக்கலாம்,
செத்தும் போயிருக்கலாம்.
இங்கே நாளுக்கு நாள் இரட்டிக்கிறார்.

இந்தத் தடவை பதினேழு
தளதளவென்று வளர்ந்தது.
ஆறாம் நாளே எட்டாம் நாளின் எண்ணிக்கை.
வரைபடக் கோடு செங்குத்தாய் ஏற
ஃபெர்னாந்த் கையுறையோடே கைதட்டினான்.
ஜிஸ்லேன் மேலிருந்து இறங்கி வந்து பார்த்து
"நூறு நோயாளிக்கு வரும்" என்றாள்.
மதியம் எல்லோருக்கும்
சர்க்கரை பொரிந்த வாஃபிள்.

எட்டாம் நாள் மரபணுக்கூடத்திலிருந்து ஃபோன்.
இருபதாம் குரோமோசோமில் ஒரு துண்டு,
இருக்க வேண்டியதைவிட ஒன்று கூடுதல்.
சாகத் தெரியாத துண்டு.
நூறில் நாற்பது அணுக்களில் வந்துவிட்டது,
விட்டால் மிச்சத்தையும் தள்ளிவிட்டு உட்காரும்.
ஆக,
நாங்கள் கைதட்டியது அதற்குத்தான்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.
அளந்தேன். நாற்பத்தொன்பது லிட்டர்;
சொச்சம் சோதனைக்குப் போயிருந்தது.
படிவத்தில் காரணத்துக்கு ஒரே ஒரு வரி இடம்.
"வளர்ச்சி" என்று எழுதினேன்.
ஜிஸ்லேன் அதை அடித்து
"மரபணுப் பிறழ்வு" என்று மேலே எழுதினாள்.
நீராவி. நூற்று இருபத்தொரு பாகை. முப்பது நிமிடம்.
கழிவுக்குழாய் சூடேறியபோது
முட்டை வேகிற வாசனை.
அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

திரும்பும் டிராமில் எதிரே ஒருத்தி,
மடியில் பள்ளிப்பை.
சட்டைக்கடியில் விரலை நுழைத்து
இன்சுலின் பம்பை அழுத்தினாள், குனிந்து பார்க்காமலே,
நான் பொத்தான் போடுகிற மாதிரி.
அவளிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.
அவளும் கேட்கவில்லை.
வெளியே நிலக்கரிக் கழிவுமேடுகள் கடந்தன,
யாரும் விதைக்காத பிர்ச் மரங்களோடு.

திங்கட்கிழமை.
திரவ நைட்ரஜனிலிருந்து இன்னொரு பதினேழு.
முப்பத்தேழு பாகை நீரில் குப்பியைப் பிடித்து ஆட்டுகிறேன்.
முழுக்க உருகவிடக் கூடாது,
உளுந்தளவு பனி மிச்சம் இருக்கையில்
எடுத்துவிட வேண்டும்.
எடுத்தேன். முதலில் சின்னக் குடுவை;
பெரிய கலத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

மூன்றாம் நாள் ஃபெர்னாந்த் எட்டிப் பார்த்து
எப்படி என்றான்.
மெதுவாக, என்றேன்.
நல்ல செய்தி கேட்டவன்போல
முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.